நாலு பைக், மூன்று வாரம், நோர்ட்காப்: ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி இன்னொன்று

கேள்வி இதுதான். ஹாம்பர்க்கில் இருக்கும் நாலு நண்பர்கள், மூன்று வாரம் லீவு, பைக்கில் நார்வேயின் வடகோடியில் இருக்கும் நோர்ட்காப் வரை போய்த் திரும்ப வேண்டும். ஸ்வீடன் வழியாக ஏறி அதே வழியில் இறங்கலாமா, ஒருவரிடம் மட்டும் 390 சிசி வண்டி இருக்கிறது, அது மற்ற பெரிய வண்டிகளோடு ஈடுகொடுக்குமா, குளிருக்கு என்ன செய்வது, எந்த மாதம் நல்லது, செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது. நான் ஜெர்மனியிலிருந்து இரண்டு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். முதல் தடவை உங்களைப் போலவே நாலு பேர், இரண்டாவது தடவை நானும் ஒரு நண்பனும் மட்டும். முதல் பயணத்தில் செய்த தப்புகளை இரண்டாவதில் திருத்திக்கொள்ள முடிந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வழி. ஸ்வீடன் வழியாகப் போய் ஸ்வீடன் வழியாகவே திரும்புவது வேண்டாம். ஹாம்பர்க்கிலிருந்து நோர்ட்காப் ஒரு பக்கம் 2,700 கி.மீ. சொச்சம். அதில் பெரும்பகுதி ஸ்வீடனின் ஈ4 சாலை, வடக்கே பாத்னியா வளைகுடா ஓரமாகவே போகும். நல்ல சாலைதான், ஆனால் நாள் முழுக்க இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவில் லாரி, அவ்வளவே. அதை இரண்டு தரம் ஓட்டினால் மூன்று வாரத்தில் பாதி போய்விடும், இந்தப் பயணத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த நார்வே கடற்கரைக்கு நாளே மிஞ்சாது. பலர் நோர்ட்காப்பில் போட்டோ எடுத்துக்கொண்டு, கையில் மிச்சம் ஆறு நாள் வைத்துக்கொண்டு தலைதெறிக்கத் தெற்கே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை எங்களுக்கும் இறங்க நாள் பற்றவில்லை. என் முடிவான கருத்து, ஏறுவதைச் சீக்கிரம் முடியுங்கள், இறங்குவதற்கு நாள் ஒதுக்குங்கள். ஏறுவது பின்லாந்து வழியாக, இறங்குவது நார்வேயின் மேற்குக் கரையோரமாக.

ஏறுவதற்குச் சுலபமான வழி லூபெக் பக்கத்தில் இருக்கும் ட்ராவெமுண்டெ துறைமுகம். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து ஹெல்சிங்கிக்கு நேராக ஃபெர்ரி இருக்கிறது, சுமார் 30 மணி நேரம். டிக்கெட் விலையைப் பார்த்ததும் அதிகமாகத் தெரியும். ஆனால் சாலையில் வந்தால் ஆகும் பெட்ரோல், மூன்று இரவு தங்கும் செலவு, டென்மார்க் பாலங்களின் கட்டணம், தேயும் டயர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது. அதைவிட முக்கியம், நாலு பேரும் தூங்கி எழுந்து தெளிவாகப் பின்லாந்தில் இறங்குவீர்கள்.

ஃபெர்ரியில் வண்டியைக் கட்டுவது உங்கள் வேலை. பணியாளர் கை காட்டும் இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, பக்க ஸ்டாண்டில் சாய்த்து, முன்னும் பின்னும் பட்டையால் இறுக்க வேண்டும். கப்பலில் தருகிற பட்டைகள் எண்ணெயும் உப்புமாக இருக்கும், சில நேரம் போதாது. ஆளுக்கு இரண்டு ராட்செட் பட்டை (பிடியை அசைத்து இறுக்கும் வகை) சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு மேல் பட்டை போகும் இடத்தில் ஒரு பழைய துண்டை மடித்து வையுங்கள், இல்லையென்றால் சீட் கிழியும்.

ஹெல்சிங்கியிலிருந்து நோர்ட்காப் ஏறக்குறைய 1,500 கி.மீ. மூன்று நாள் நிதானமாக ஓட்டினால் போதும், நாலு நாள் இருந்தால் இன்னும் நல்லது. பின்லாந்துச் சாலைகள் நேராக, அகலமாக, ஆளரவம் இல்லாமல் இருக்கும். காடு, ஏரி, காடு, ஏரி. அழகுதான், ஆனால் கண்ணைச் சொருக வைக்கும் அழகு. மாலையில் பயணிகள் கூடாரம் போட்டுத் தங்கும் ஏரிக்கரை முகாம் ஒன்றில் தங்கி, சவுனா என்ற வெப்ப அறையில் உட்கார்ந்து, அப்படியே தண்ணீரில் குதித்து எழுந்தால் உடம்பு வலி பறந்துவிடும். அங்கே முகாம்களில் சவுனா இல்லாத இடம் அபூர்வம்.

வழியில் ரோவானியெமி வரும். எல்லோரும் ஆர்க்டிக் வட்டக் கோட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஊரின் கட்டடங்கள் எல்லாம் ஏன் புதிதாகத் தெரிகின்றன என்று கவனியுங்கள். 1944 அக்டோபரில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே எரித்துவிட்டுப் போனது. பிறகு ஆல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர்தான் ரெயின்டீர் மானின் கொம்பு வடிவத்தில் தெருக்களை வரைந்து ஊரைத் திரும்ப எழுப்பத் திட்டம் போட்டார். அந்த நெருப்பு அங்கே நிற்கவில்லை. எல்லை தாண்டி நார்வேயின் ஃபின்மார்க் முழுக்க அதே இலையுதிர் காலத்தில், குளிர்காலத்தில் எரித்தார்கள். நோர்ட்காப்புக்குப் பக்கத்து ஊரான ஹொன்னிங்ஸ்வோக்கில் தேவாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. இது தெரிந்துகொண்டு ஓட்டினால் வடக்கே பழைய வீடுகள் அபூர்வமாகவே கண்ணில் படுவதற்குக் காரணம் புரியும்.

ரோவானியெமிக்கு மேலே ரெயின்டீர் சாலையிலேயே நிற்கும். காட்டு விலங்கு என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டு அடையாளம் இருக்கும். கோடையில் காட்டுக்குள் கொசு தாங்காமல் காற்று வீசும் சாலைக்கு வந்துவிடுகின்றன. நம்மூர் மாடு மாதிரி ஹாரன் அடித்தால் நகராது, நம் வண்டிக்கு முன்னாலேயே ஓடும். ஒன்று தாண்டிவிட்டால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். அடிபட்டால் 112க்குச் சொல்லியே ஆக வேண்டும். மூஸ் மான் இன்னொரு வகை ஆபத்து, உயரமான கால், பெரிய உடம்பு, அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் திடீரென்று வெளியே வரும். பைக்கில் அதன் மேல் மோதினால் பிழைப்பது கஷ்டம். அதனால் மாலை எட்டு மணிக்கு மேல் காட்டுச் சாலையில் ஓட்டக்கூடாது என்று நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம்.

அந்த விதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூனில் அங்கே இருட்டாது. நோர்ட்காப்பில் மே மாத நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டாததால் நிறுத்தத் தோன்றாது. "இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர்" என்று யாராவது சொல்வார்கள், பார்த்தால் மணி இரவு ஒன்று, பெட்ரோல் பங்க் கடை மூடியிருக்கும், முகாம் வரவேற்பறை மூடியிருக்கும், நாலு பேருக்கும் கண் எரியும். சோர்வு வெளிச்சத்தில் தெரியாது, அதுதான் மோசம். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து மணிக்கு இடம் தேட ஆரம்பியுங்கள். தூங்கும்போது கண்ணை மறைக்க ஒரு துணி முகமூடி அவசியம், கூடாரத்துக்குள் நடு இரவிலும் பகல் மாதிரிதான் இருக்கும்.

இனாரி ஏரியைத் தாண்டிக் கரிகாஸ்நியெமியில் எல்லை கடந்தால் காராஷோக். நார்வேயில் சாமி என்ற வடக்குப் பூர்வகுடி மக்களுக்கான நாடாளுமன்றம் இருக்கும் ஊர், ஒரு அரை நாள் கொடுக்கலாம். அங்கிருந்து வடக்கே போர்சாங்கர் ஃபியோர்டை (நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல்) ஒட்டி ஈ69 தொடங்கும், 129 கி.மீ., கடைசி வரை மரமே கிடையாது, வெறும் பாறையும் கடலும். நோர்ட்காப் இருப்பது ஒரு தீவில், அங்கே போகும் சுரங்கப்பாதை கடலுக்கடியில் 212 மீட்டர் ஆழம் இறங்குகிறது, ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1999இல் திறந்தது, முன்பு கட்டணம் இருந்தது, 2012இலிருந்து இல்லை. உள்ளே நல்ல குளிர், ஈரம், ஹெல்மெட் கண்ணாடி உடனே மூடுபனி பிடிக்கும். நுழையும் முன்பே கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். உள்ளே ரெயின்டீர் ஒதுங்கி நிற்பதும் உண்டு.

நோர்ட்காப் 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, அதன் மேல் இரும்பு உலக உருண்டை. முதல் தடவை நாங்கள் போனபோது பத்தடியில் நிற்கும் உருண்டையே தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. சேலத்து நண்பன் ஒருவன் இந்த ஒரு காட்சிக்காக ஒரு வருடம் பணம் சேர்த்தவன், அவன் முகம் சுருங்கியதை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் நோர்ட்காப்பைப் பயணத்தின் உச்சமாக வைக்காதீர்கள் என்கிறேன். இன்னொன்று, உண்மையில் அது அந்தத் தீவின் வடகோடி முனைகூட இல்லை. பக்கத்தில் க்னிவ்ஷெல்லோடன் என்று தாழ்வான ஒரு முனை இன்னும் கொஞ்சம் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே நடந்துதான் போக முடியும், போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர். பனி விலகிய நாளாக இருந்தால் நடந்து போங்கள். அந்த முனையில் கூட்டமே இருக்காது, எதிரே நோர்ட்காப் பாறை முழுதாகத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் நாம் எதிர்பார்க்காத ஒன்று தமிழ். 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் ஃபின்மார்க் கரையோர ஊர்களின் மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள், பிறகு பெரும்பாலோர் ஒஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். ஃபெர்ரி வரிசையில் நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு பெரியவர் காரிலிருந்து இறங்கி வந்தார். "தம்பியவை, எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டவர், வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனையே காணவில்லை என்றும், மீன் வெட்டும் மேசைக்கு மேல் எரிந்த விளக்குதான் தனக்குச் சூரியன் என்றும் சொன்னார். நாம் மூன்று வாரம் சுற்றிப் பார்க்கப் போகும் இடத்தில் அவர்கள் பிழைப்புக்காக வருடக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் நோர்ட்காப்பைவிடப் பெரிது.

சரி, இறங்கும் வழி. ஆல்டாவுக்கு வாருங்கள், அங்கே ஆயிரக்கணக்கான வருடப் பழைய பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன, 1985இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. பிறகு ஓல்டர்டாலன், லிங்ஸைடெட் வழியாக இரண்டு சின்ன ஃபெர்ரி பிடித்து ட்ரோம்ஸோ. ஈ6 சாலையிலேயே சுற்றிப் போவதைவிட இந்த இரண்டு ஃபெர்ரியும் லிங்கன் மலைகளைக் கண்ணுக்கு நேரே கொண்டுவரும். ட்ரோம்ஸோவில் ஒரு இரவு, அப்புறம் கோடையில் மட்டும் ஓடும் ஃபெர்ரியில் சென்யா தீவு, அங்கிருந்து இன்னொரு கோடைக்கால ஃபெர்ரியில் ஆண்டெனெஸ், அப்படியே லோஃபோட்டன் தீவுகள். இந்தக் கோடைக்கால ஃபெர்ரிகளின் தொடக்கத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள்.

லோஃபோட்டனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்று மட்டும். மரச்சட்டங்களில் காட் மீனை இரண்டிரண்டாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். உப்பே சேர்க்காத கருவாடு. பிப்ரவரியிலிருந்து மே வரை வெறும் காற்றும் குளிருமே காயவைக்கிறது. ரொம்பக் குளிர்ந்தால் மீன் உறைந்து கெடும், சூடானால் ஈ மொய்க்கும், இரண்டுக்கும் நடுவே சுழியம் டிகிரியை ஒட்டியே நிற்கும் வெப்பநிலை அந்தத் தீவுகளுக்கு வாய்த்திருக்கிறது. தலைகளைத் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே குழம்புக்குப் போகிறது. ஜூன் தொடக்கத்தில் போனால் சில சட்டங்களில் மீன் இன்னும் தொங்கும். வாசனை நம்மூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவனுக்கு வீட்டு ஞாபகம் கொடுக்கும். சாலை முடிகிற ஊரின் பெயர் ஒரே எழுத்து, "ஓ". பக்கத்தில் மோஸ்கெனெஸிலிருந்து போடோவுக்கு ஃபெர்ரி, மூன்று நாலு மணி நேரம் திறந்த கடல், அலை இருந்தால் வயிறு கலங்கும், முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் இடம். போடோவிலிருந்து தெற்கே போக இரண்டு வழி. ஈ6 வழியாகப் போனால் மலைகளுக்கு உள்ளே இரண்டு நாளில் ட்ரொண்ட்ஹெய்ம் பக்கம் வந்துவிடலாம். இன்னொன்று 17ஆம் எண் கடற்கரைச் சாலை, போடோவிலிருந்து ஸ்டைன்ஷெர் வரை 650 கி.மீ., நடுவில் ஆறு ஃபெர்ரி. வரைபடத்தில் பார்த்தால் யாரும் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், வழி அவ்வளவு கோணல்மாணல். ஆனால் வட நார்வேயை எனக்குக் காட்டியது இந்தச் சாலைதான். தொடக்கத்திலேயே சால்ட்ஸ்ட்ராவ்மென் நீர்ச்சுழல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் கடல் ஒரு குறுகிய வாயில் வழியாக ஆறு மாதிரி உள்ளே பாய்ந்து, பிறகு வெளியே பாயும். பாலத்துக்குக் கீழே இறங்கிப் பாறையில் உட்கார்ந்தால் காலடியில் தண்ணீர் குழி குழியாகச் சுழல்வதைப் பார்க்கலாம், நேரம் மட்டும் பார்த்துப் போக வேண்டும். பிறகு ஸ்வார்டிசென் பனியாறு, சாலையில் இருந்தே நீல நாக்கு மாதிரி மலையிலிருந்து தொங்குவது தெரியும். யெக்ட்விக்கிலிருந்து ஷில்பொகாம்ன் போகும் ஃபெர்ரியில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடலிலேயே கடக்கிறோம், கரையில் ஒரு சின்ன உருண்டை வைத்திருக்கிறார்கள், ஒரு மணி நேரப் பயணம், மேல்தளத்தில் காபியோடு நின்றால் அதுவே ஓய்வு. அப்புறம் சாண்ட்நெஷோயன் அருகே ஏழு சகோதரிகள் என்று ஏழு சிகரம் வரிசையாக, ப்ரோன்னோய்சுண்ட் பக்கம் நடுவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை துளை விழுந்த டோர்காட்டன் மலை. துளை வரை படி ஏறிப் போகலாம், அந்தப் பக்கம் தீவுகள் சிந்திக் கிடக்கும்.

அந்தச் சாலையில் அவசரப்பட முடியாது, ஃபெர்ரி வரும்போதுதான் வரும். நாலு நாள் கொடுங்கள். பல துறைகளில் பைக்கை வரிசையின் முன்னால் விடுவார்கள், இடம் கிடைக்காமல் போவது அபூர்வம்.

தெற்கே பெயர்பெற்ற ஃபியோர்டு சாலைகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக் சாலை 8 கிலோமீட்டர் சொச்சம், எட்டுப் பாலம், 1989இல் திறந்தது. காற்றடிக்கும் நாளில் போனால்தான் அதன் அருமை, ஆனால் பக்கவாட்டுக் காற்றில் வண்டியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ட்ரோல்ஸ்டிகனில் பதினொரு கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் எழுபது வளைவு ஏறியவனுக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது, சேலத்து நண்பன் அதைத்தான் சொல்லிக்கொண்டே ஏறினான், மேலே போய்த் திரும்பிப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பாறை விழும் அபாயத்தால் 2024 கோடையில் அதை மூடிவிட்டார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே திட்டமிடுங்கள். கெய்ராங்கர் அழகு, ஆனால் சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் திருவிழாக் கூட்டம், காலை ஏழு மணிக்குள் கடந்துவிட வேண்டும். எனக்குப் பிடித்தது சோக்னெஃபியெல்லெட் மலைச்சாலை, 1,434 மீட்டர், லோம் ஊரிலிருந்து ஏறுகிறது. ஜூன் நடுவிலும் இரண்டு பக்கமும் பனிச்சுவர் நிற்கும். அங்கிருந்து கிறிஸ்டியான்சாண்ட், ஃபெர்ரியில் மூன்றேகால் மணி நேரத்தில் டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ், அடுத்த நாள் வீடு. மொத்தம் 5,000 கி.மீ. பக்கம் வரும்.

நார்வேயில் நாள் ஒன்றுக்கு 300 கி.மீ. என்றால் அது முழு நாள் வேலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே வேக வரம்பு பெரும்பாலும் 80, ஊருக்குள் 50, நடுவில் ஃபெர்ரி, ஆடு, சாலை வேலை. மீறினால் அபராதம் பல ஆயிரம் குரோனர். பின்லாந்தில் வேகம் ரொம்ப மீறினால் அபராதத்தை உங்கள் வருமானத்தை வைத்தே கணக்கிடுவார்கள். நார்வேயிலும் ஸ்வீடனிலும் ரத்தத்தில் மது வரம்பு ஆயிரத்துக்கு 0.2 பங்குதான், முந்தின இரவு குடித்தது மறுநாள் காலையும் மாட்டிவிடும்.

390 சிசி பற்றிய கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. 80இல் ஓடும் நாட்டில் 390 தாராளம். சின்ன வண்டி இலேசானது, ஈரமான சரளையில், ஃபெர்ரியின் வழுக்கும் இரும்புத் தளத்தில், முகாமின் சேற்றில் பெரிய வண்டிக்காரர்களைவிட அவர்தான் நிம்மதியாக இருப்பார். ஆனால் அவரைக் கடைசியில் விடாதீர்கள். இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். 17ஆம் எண் சாலையில் மூன்றாவது நாள், விடாத மழை, ஃபெர்ரியைப் பிடிக்கும் அவசரம். எங்களில் சின்ன வண்டி வைத்திருந்தவன் கடைசியில் வந்தான். கால்நடை தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள், மழையில் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். அவன் அதன் மேல் வளைந்தபடியே பிரேக் பிடித்துவிட்டான். விழுந்து மணிக்கட்டு சுளுக்கி, கிளட்ச் லீவர் ஒடிந்து, வண்டிக்கு அடியில் ஒரு கால் மாட்டி, தனியாக மழையில் கிடந்தான். முன்னால் போன நாங்கள் மூன்று பேரும் ஃபெர்ரித் துறைக்குப் போய் நின்ற பிறகுதான் அவன் இல்லை என்று பார்த்தோம். இருபத்தைந்து நிமிடம். ஒரு உள்ளூர் அம்மா காரை நிறுத்தி அவனைத் தூக்கி உட்காரவைத்திருந்தார். பெரிய காயம் இல்லை. ஆனால் அவன் எங்களைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை, அதற்கடுத்த இரண்டு நாளும் சரியாகப் பேசவில்லை. அவன் பக்கம்தான் நியாயம்.

அன்றிரவு உட்கார்ந்து போட்ட ஏற்பாட்டை இரண்டு வருடம் கழித்துப் போனபோதும் வைத்திருந்தேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மெதுவாக ஓட்டுபவர் இரண்டாவது, அனுபவம் அதிகம் உள்ளவர் கடைசி. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற வண்டிக்குப் பொறுப்பு, கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் வேகம் குறை, அப்போதும் தெரியவில்லை என்றால் நில். திருப்பம் வந்தால் பின்னால் வருபவர் பார்க்கும்வரை அந்த இடத்திலேயே நில். ஹெல்மெட்டில் பேசிக்கொள்ள இன்டர்காம் இருந்தாலும் இதை விடாதீர்கள், மலைக்கு அந்தப் பக்கம் போனால் அது கேட்காது. யார் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னாலும் அன்றைக்கு வேண்டாம், காரணம் கேட்கக்கூடாது. ஐந்து நாளுக்கு ஒரு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வு. பொதுச் செலவுக்கு ஆரம்பத்திலேயே ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே அட்டையில் போட்டுவிட்டு அதிலிருந்தே செலவழியுங்கள், தினமும் இரவு பில் பிரிப்பது நட்பை அரித்துவிடும்.

வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. பின் டயரில் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள், வடக்கே உங்கள் அளவு கிடைக்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். சங்கிலி வண்டி என்றால் மழையில் எண்ணெய் கழுவிப்போகும், தினமும் மாலை சூடாக இருக்கும்போதே போடுங்கள். ஒரு கிளட்ச் லீவர், ஒரு பிரேக் லீவர், பஞ்சர் சாமான், சின்ன காற்றுப் பம்பு. டாங்க் பாதிக்கு வந்ததும் நிரப்புங்கள், ஃபின்மார்க்கில் ஒரு பங்க்குக்கும் அடுத்ததுக்கும் நூறு கிலோமீட்டர் இருக்கலாம், ஆள் இல்லாத பங்க்குகளில் ரகசிய எண் (PIN) உள்ள வங்கி அட்டை வேண்டும்.

குளிர் என்றால் எல்லோரும் மைனஸ் கணக்கு நினைக்கிறார்கள். ஜூனில் வடகோடியில் ஐந்திலிருந்து பன்னிரண்டு டிகிரிதான். ஆனால் அந்த ஐந்து டிகிரியில் மழையோடு 80இல் நாலு மணி நேரம் ஓட்டினால் விரல் பிரேக்கைப் பிடிக்காது. பருத்தி உள்ளாடை வேண்டாம், நனைந்தால் காயாது. மெரினோ கம்பளி உள்ளாடை இரண்டு செட், நடுவில் இறகு அடைத்த ஒரு மெல்லிய ஜாக்கெட், மேலே வழக்கமான ரைடிங் உடை, எல்லாவற்றுக்கும் மேல் தனி மழைச் சட்டை. நீர் புகாது என்று விற்கும் ஜாக்கெட்டை நம்பி மழைச் சட்டையை விட்டுப் போகாதீர்கள், மூன்றாம் நாள் மழையில் எல்லாமே புகும். சூடாகும் ஹேண்டில் பிடி இல்லையென்றால் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள், இந்தப் பயணத்தில் நான் செலவழித்ததில் மிகப் பயனுள்ள பணம் அதுதான். கையுறைக்கு மேல் மாட்ட மீனவர் ரப்பர் கையுறை பெரிய அளவில் வடக்கே எந்தத் துறைமுகக் கடையிலும் கிடைக்கும், மழைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

செலவில் பெரியது சாப்பாடும் தங்கலும். நார்வே முகாம்களில் குடில் கிடைக்கும், நாலு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஹீட்டர். நாலு பேர் பகிர்ந்தால் தலைக்குத் தாங்கும், மழை நாளில் உடை காய அது வேண்டும். மற்ற நாள் கூடாரம். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படியே அங்கே திறந்த வெளியில் யாரும் கூடாரம் போடலாம், வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், விளைநிலத்தில் கூடாது, வண்டியைப் புல்லில் ஏற்றக்கூடாது. டென்மார்க்கில் இந்த உரிமை இல்லை. ஓட்டலில் சாப்பிடுவதை வாரத்துக்கு ஒரு தரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் ஒரு பெரிய பாட்டில், பருப்புப் பொடி, ரசப்பொடி, அரிசி ஐந்து கிலோ எடுத்துப் போனோம், காட் மீன் கடையில் மலிவாகக் கிடைத்த நாளில் குழம்பே வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஒரு நல்ல செய்தி, நார்வே சாலைச் சுங்கம் பெரும்பாலான இடங்களில் பைக்குக்குக் கிடையாது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். நாலு பேரிடமும் ஜெர்மன் லைசென்ஸ் இருக்கிறதா? இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும், அதற்கு மேல் இங்கே தேர்வு எழுதி மாற்றியிருக்க வேண்டும். யாராவது மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்க ஐரோப்பிய அட்டை, ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு நார்வேயிலும் செல்லும், இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு நார்வேயிலும் டென்மார்க்கிலும் செல்லாது, கிளம்பும் முன் உங்கள் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி: ஜூன் 10 வாக்கில் கிளம்புங்கள். மலைச்சாலைகள் பெரும்பாலும் திறந்திருக்கும், கொசு உச்சத்துக்கு வந்திருக்காது, நார்வேக்காரர்களின் ஜூலை விடுமுறைக் கூட்டமும் கேரவன் வரிசையும் இன்னும் தொடங்கியிருக்காது. ஜூன் கிடைக்கவில்லை என்றால் ஜூலையை விட்டுவிட்டு ஆகஸ்ட் பாதிக்கு மேல் போங்கள், நள்ளிரவுச் சூரியன் இருக்காது, ஆனால் கொசு ஓய்ந்திருக்கும், மாதக் கடைசியில் வானம் தெளிந்தால் இரவு வானில் அலையும் வடக்கு ஒளிகூடத் தெரியும். எதுவானாலும் ஹெல்சிங்கி ஃபெர்ரியை மட்டும் இப்போதே பதிவு செய்யுங்கள். நாலு பேர் படுக்கும் அறை முதலில் தீர்ந்துபோகும். மற்ற எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம், மழை எந்தப் பக்கம் என்று பார்த்து அன்றன்றைக்கு முடிவு செய்ய அந்தச் சுதந்திரம் வேண்டும்.